செவ்வாய்க்கிழமை டிரங்க் கால்

தருமபுரி,
16-7-1974, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ராஜாமணிக்கு,

உன் தாய் ராணியம்மாள் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும், உன் அப்பாவின் மேஜையும், உன் அப்பாவின் டெலிபோனும் சுகம். அங்கே நீயும் சுகமாயிருக்க நம்புகிறேன் என்று எழுதுவதுதான் முறை. நம்பியதால் வந்த வினையைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன், ஆகையால் இந்தத் தடவை நம்பவில்லை, கேட்கிறேன். சுகமா? இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. எதையாவது ஆரம்பிக்கும் முன் இரண்டு தடவை தொண்டையைச் செருமுகிற வழக்கத்தையும் விட்டுவிடு. வாயால் பேசவே அது தேவையில்லை, கண்ணால் படிக்கச் சுத்தமாகத் தேவையில்லை.

இந்த ஹோஸ்பேட் விலாசம் அம்மாவுக்கு எப்படிக் கிடைத்தது என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். அதை உரிய இடத்தில் சொல்கிறேன். சேலம் கான்வென்ட்டில் எங்களுக்குப் பாடம் சொன்ன மதர் அகதா, "எதையும் முதலிலிருந்து சொல், நடுவில் அழாதே" என்பார். நான் முதலிலிருந்து சொல்கிறேன். மற்றதையும் கவனித்துக்கொள்கிறேன்.

தை மாதம் நீ சேலத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் பெட்டியைக் கட்டினாயே, அன்று நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பாப்பிரெட்டிப்பட்டி ஐஸ் பாக்டரியை மூடிவிட்டு வந்த கையோடு கிளம்பினாய். அதைப் பற்றி நான் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். இரண்டு மணி நேரம் கரண்ட் வந்து நாலு மணி நேரம் போகிற காலத்தில் குச்சி ஐஸ் செய்யப் புறப்படுவது ஒரு துணிச்சல்தான். அந்த ஊர்ப் பிள்ளைகள் காசைக் கொடுத்துவிட்டு வெறும் குச்சியையும் ஒரு டம்ளர் சிவப்புத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி. போகட்டும். வாராவாரம் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு பி.பி. கால் போடுகிறேன் என்றாய். ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கேட்டு டிரங்க் கால் போட்டால், அந்த ஆள் இல்லையென்று இந்தப் பக்கம் சொல்லிவிட்டால் முழுக் கட்டணம் கிடையாது, சில்லறைதான் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். டெலிபோன் இந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் உன் அப்பா இந்த வித்தையை எனக்குச் சொன்னதில்லை. "கண்ணம்மா அக்கா இருக்காங்களான்னு கேக்கறேம்மா. இல்லேன்னு சொல்லிடுங்க. நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்" என்றாய். கண்ணம்மாள் அப்போது நம் சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வீட்டு வேலைக்கு வருகிறவளாக இருந்தால் என்ன, இருக்கிறவளை இல்லை என்று சொல்ல என் வாய் வராது என்றேன். இந்த வயது வரை ஒரு பொய் சொன்னதில்லை, காசு மிச்சம் பிடிக்க ஆரம்பிக்க மாட்டேன் என்றேன். நீ பெட்டியின் வாரை இழுத்துக் கட்டினாய். பிறகு, "அப்ப அப்பாவைக் கேக்கறேம்மா. அப்பா இல்லேன்னு சொல்றது பொய்யில்லையே" என்றாய்.

அதற்கு எனக்குக் கோபம் வந்ததா வேறு ஏதாவது வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. காப்பி ஆறிப்போகிறது, குடி என்று சொன்னேன்.

அப்படியே நடந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டெலிபோன் அடிக்கும். எக்ஸ்சேஞ்சில் இருக்கிற நம் பரிதா, உன் அப்பா கையால் பிறந்த பெண், அவர் போனது தெரிந்தவள்தான், ஆனாலும் ஆபீஸ் குரலில், "சேலத்திலேர்ந்து பி.பி. கால். டாக்டர் வெங்கடாசலம் இருக்காங்களா?" என்று கேட்பாள். "இல்லை" என்பேன். அவ்வளவுதான். ஆனால் அந்த "இல்லை"யைச் சும்மா சொல்ல மனம் வரவில்லை. பிள்ளை சேலத்திலிருந்து அவ்வளவு தூரம் தெரிவிக்கிறான், பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை. ஆகவே, "இல்லைம்மா. ரொம்ப சந்தோஷம், ரொம்ப நன்றி என்று சொல்லு" என்பேன். பரிதாவும் அதை ஒரு எழுத்து விடாமல் அந்தப் பக்கம் சொல்லிவிடுவாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தபாலாபீஸ் போவேன். அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய காசை நாம் இரண்டு பேரும் சேர்ந்து மிச்சம் பிடிக்கிறோமே என்று உறுத்தியதால் ஒரு தபால் தலை வாங்கி, அங்கேயே நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு வருவேன். போஸ்ட்மாஸ்டர் இரண்டு வாரம் பார்த்தார். அடுத்த வாரம் எழுந்தே வந்துவிட்டார். "டாக்டரம்மா, மனசு கினசு சரியில்லீங்களா?" என்றார். "மனசாட்சிதான் சரியில்லாமல் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தெருவில் திரும்பி நடக்கும்போது எனக்கு இருந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. எதிர் வீட்டுக் குள்ளம்மாள், "என்னங்க டாக்டரம்மா, முகமெல்லாம் பூவா இருக்குது" என்பாள். "ராஜாமணி சுகம்" என்பேன். பங்குனியில் ஒரு வாரம் செவ்வாயும் வந்தது வெள்ளியும் வந்தது. உனக்கு அம்மா ஞாபகம் அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். வைகாசியில் ஒரே நாளில் மூன்று தடவை வந்தது. அன்றைக்கு நான் சேமியா பாயசம் வைத்துக் குள்ளம்மாள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் உன் அப்பா பேருக்குக் கடிதங்களும் வந்துகொண்டிருந்தன. சேலத்து முத்திரை, பழுப்புக் கவர், டைப் அடித்த விலாசம். உனக்குத் தெரியும், கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பாவுக்கு வந்த எந்தக் கடிதத்தையும் நான் பிரித்தது கிடையாது. வைத்தியருக்கு எழுதுகிறவன் அவன் உடம்பை எழுதுகிறான், அது வைத்தியருடைய பெண்டாட்டிக்கு எழுதியதல்ல. அவர் போன பிறகு மட்டும் அந்த உரிமை எனக்கு எங்கிருந்து வரும்? ஆகவே வந்த கவர்களை வந்த வரிசைப்படி அவர் மேஜைமேல் அடுக்கி, கண்ணாடிக் குண்டை மேலே வைத்துத் தினமும் தூசி தட்டினேன். கடைசியாக ஒன்று சிவப்பு மையில் "அவசரம்" என்று போட்டு வந்தது. பாவம், யாருக்கோ ரொம்ப முடியவில்லை போலிருக்கிறது, நல்ல டாக்டராகப் பார்த்துப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அதையும் அடுக்கினேன்.

இனி வருவதுதான் விஷயம். போன மாதக் கடைசியில் ஒரு நாள், நல்ல வெயில், நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆண் குரல் தெருவே அதிரும்படி, "டாக்டர் வெங்கடாசலம்! வெளியே வாங்க! இதுக்கு மேல பொறுக்க முடியாது!" என்று கத்துகிறது. ஈரத் தலையோடு வாசலுக்குப் போகிற வழக்கம் எனக்கு எந்த நாளும் கிடையாது. நான் தலையைத் துவட்டி, பின்னி முடித்து வருவதற்குள் தெருவில் நடந்தது முழுவதும் நடந்து முடிந்துவிட்டது. குளியலறை ஜன்னல் வழியாகக் கேட்டதையும், பிறகு குள்ளம்மாள் பெருமையோடு சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் குள்ளம்மாள்தான் ஓடி வந்திருக்கிறாள்.

"அய்யோ சாமி, என்னமோ ஆயிடுச்சு இந்த மனுசனுக்கு. ஏனுங்க, எங்கீங்க வலிக்குது?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. டாக்டரை வரச் சொல்லுங்க. அவரைப் பாக்காம இந்த எடத்தை வுட்டு நகர மாட்டேன்."

"அவரு எங்கீங்க வருவாரு? அவரு போயி வருசத்துக்கு மேல ஆகுதுங்களே."

"எங்க போயிட்டாரு?"

குள்ளம்மாள் கையை மேலே தூக்கி வானத்தைக் காட்டியிருக்கிறாள். அந்த மனிதர் நம் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாடியில இருந்தா என்னங்க, எறங்கி வரச் சொல்லுங்க! எத்தனை நாளைக்கு ஒளிஞ்சுக்குவாரு?" என்று இன்னும் சத்தமாகக் கத்தியிருக்கிறார்.

குள்ளம்மாளுக்கு அத்தோடு சந்தேகம் தீர்ந்துவிட்டது. "வெயிலு மூளைக்கு ஏறிடுச்சு. மாரியப்பா! வண்டியைத் திருப்பு! பாவம், டாக்டரைத் தேடிட்டு எந்த ஊர்லேர்ந்து வந்திருக்குதோ!" என்று கூப்பாடு போட்டாள். குதிரை வண்டி மாரியப்பனும் தெருவில் நின்ற இன்னும் இரண்டு பேரும் அவரைக் கையும் காலுமாகத் தூக்கினார்கள். "நான் கம்பெனி ஆளுங்க! சேலத்துக் கம்பெனி ஆளு!" என்று அவர் வண்டிக்குள்ளிருந்து கத்துவது எனக்கே கேட்டது. "எந்தக் கம்பெனியா இருந்தாலும் உசுருக்கு அப்பறந்தான், கம்முனு படுங்க" என்று மாரியப்பன் சொல்வதும் கேட்டது. வண்டி போய்விட்டது. நான் வாசலுக்கு வந்து பார்த்தபோது ஒரு செருப்பும் ஒரு கறுப்புக் குடையும்தான் கிடந்தன.

உன் அப்பாவிடம் கம்பவுண்டராக இருந்த நஞ்சப்பன் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறான். அவனிடம் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். டாக்டர் வீட்டு வாசலிலிருந்து வந்த நோயாளி என்றதும் நஞ்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எஜமானர் போன பிறகு அவர் வாசலிலிருந்து வந்த முதல் கேஸ் அல்லவா? ஒன்றும் கேட்காமல் ஊசி போட்டான். மிக்ஸ்சர் கலந்து பாட்டிலில் வேளைக்கு ஒரு கோடு போட்டுக் காகிதம் ஒட்டிக் கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டு, உன் அப்பா எப்படிப்பட்டவர், எப்படிப் போனார் என்று முழுக்கச் சொல்லி அழுதிருக்கிறான். ஊசி போட்டுக்கொண்டவரும் கூட அழுதாராம். ஊசி வலியோ என்னவோ.

மூன்று மணிக்கு அவர் திரும்பி வந்தார். சட்டைக் கை சுருட்டியிருந்தது, முழங்கைக்கு மேலே பஞ்சு, கையில் மிக்ஸ்சர் பாட்டில், காலில் ஒரு செருப்பு. வாசற்படிக்குக் கீழேயே நின்று, "அம்மா" என்று கூப்பிட்டார். காலையில் கேட்ட குரல் இல்லை. பேர் அப்துல் சுபான், சேலத்துத் தவணைக் கம்பெனியில் வசூல் குமாஸ்தா, நீ ஐஸ் மிஷின் வாங்கின கம்பெனி. உன் அப்பா அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். நீயும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்பனும் பிள்ளையும் சேர்ந்து என்னிடம் மறைக்கிற அளவுக்கு ஒற்றுமையாக இருந்தீர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி என்றே வைத்துக்கொள். அவரை உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்தேன். காலையில் அப்படிக் கத்துவது நாகரிகமா என்று கேட்டேன்.

"ஆபீஸ் ஆர்டருங்கம்மா. மொதல்ல லெட்டர், அப்பறம் போன், கடைசியா வாசல்ல நின்னு ஊரறியச் சத்தம் போடணும். சத்தம் போடறதுதான் எனக்கு வராதுங்க. பஸ்ஸுல வர்றப்ப அதியமான்கோட்டை தாண்டினதிலேர்ந்து மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துட்டு வந்தேன்."

"நன்றாகத்தான் வந்தது. ஆனால் இனிமேல் மத்தியானத்தில் வாருங்கள். காலையில் எதிர் வீட்டுக் குழந்தை தூங்கும்" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "டாக்டர் தவறிட்டாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே" என்றார்.

"யாரிடம் சொல்வது?"

"எங்ககிட்டதானுங்க. வாரா வாரம் பி.பி. கால் போட்டோமே. இல்லை, இல்லைன்னே சொன்னீங்க."

நான் சிரித்தேன், ராஜாமணி. "அது என் மகன் போடுகிற கால்" என்றேன். நம் ஏற்பாட்டையும் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குங்களா?"

"ஆமாம்."

"அது நானுங்கம்மா. எங்க ஆபீஸ்ல செவ்வாய்க்கிழமைதான் தருமபுரிப் பக்கம் போன் போடறது. மாசி மாசத்திலேர்ந்து நான்தான். பங்குனியில ஒரு வெள்ளிக்கிழமை போட்டதும், வைகாசியில ஒரு நாள் மூணு தடவை போட்டதும்கூட நான்தானுங்க. அன்னிக்கு மேனேஜர் பக்கத்துல நின்னுட்டாரு."

அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டு வந்தேன்.

நீ போட்டவை தை மாதத்துக் கால்கள் மட்டும்தான். அவற்றையும் இவற்றையும் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சந்தோஷப்பட்டுவிட்டேன். கடன்காரன் கூப்பிட்டதற்கு அரசாங்கத்துக்கு ஸ்டாம்பு கிழித்திருக்கிறேன். பாயசம் வைத்திருக்கிறேன். அது போகட்டும். மாசியிலிருந்து ஆனி வரை நீ எங்கே இருந்தாய், சாப்பிட்டாயா, ஈளை வந்ததா என்று ஒன்றும் தெரியாமலே நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது சுபான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "அம்மா, உங்க வூட்டுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு பேர் உண்டுங்க. சந்தோஷ வூடு. மத்த எடத்துல போன் எடுத்தா திட்டுவாங்க, அழுவாங்க, வெச்சுடுவாங்க. இங்க மட்டும்தான் 'டாக்டர் இல்லையாம், ரொம்ப சந்தோஷமாம், நன்றியாம்'னு பதில் வரும். இப்படித் தைரியமான பார்ட்டியை என் சர்வீஸ்லயே பாக்கலைன்னு மேனேஜர் சொல்லுவாரு. எனக்கு ஆனா செவ்வாய்க்கிழமை வந்தா நாள் நல்லாப் போகுமுங்க" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "லெட்டருங்களாவது வந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

மேஜையிலிருந்து கடிதக் கட்டை எடுத்து வந்து கொடுத்தேன். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். கடன் பாக்கியைவிட அதுதான் அவருக்குப் பெரிய அடியாக விழுந்தது. எல்லாம் அவர் கையால் எழுதி டைப்புக்குக் கொடுத்ததாம். வைகாசிக் கடிதத்துக்காக இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தாராம். "எழுதினவனே சொல்றேங்க, நீங்க பிரிக்கலாம்" என்று அனுமதி கொடுத்தார். எழுதியவர் அனுமதி இருந்ததால் பிரித்தேன். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிசையாக, வாய்விட்டு, அவர் முன்னாலேயே படித்தேன். தை மாதக் கடைசியில் எழுதிய முதல் கடிதத்தில் உன் அப்பா "மகாகனம் பொருந்திய" டாக்டராக இருக்கிறார். பங்குனியில் வெறும் "திருவாளர்". சித்திரையில் பேர் மட்டும். கடைசியில் பேரும் இல்லை, கணக்கு நம்பர்தான். ஒரு மனிதர் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு கீழே இறங்குவதை நான் பார்த்ததில்லை, இத்தனைக்கும் அவர் இறந்து போனவர் என்று சொன்னேன். சுபான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைகாசிக் கடிதம் உண்மையிலேயே நன்றாக இருந்தது, மிரட்டலிலும் ஒரு மரியாதை இருந்தது, அதையும் சொன்னேன். அதற்கு மட்டும் சிரித்தார்.

உன் விலாசத்துக்கு வருகிறேன். பெற்றவளுக்குத் தெரியாதது வசூல்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. ஹோஸ்பேட்டில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறாய், அங்கேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறாய் என்பது வரை கம்பெனி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. "பார்ட்டி விலாசத்தை வெளியில சொல்லக் கூடாதுங்கம்மா, அது ஆபீஸ் ரூலு" என்றார். ரூல் என்றால் நான் கேட்க மாட்டேன் என்றேன். அவர் பைலைத் திறந்து என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய், ரொம்ப நேரம் கழித்து வந்தார். அவ்வளவு தண்ணீர் குடிக்கிற மனிதரை நான் பார்த்ததில்லை.

போகும்போது வாசற்படியில் நின்றார். "அம்மா, செவ்வாய்க்கிழமை நான் பாட்டுக்கு கால் போட்டுட்டே இருக்கட்டுங்களா? ஆபீஸ் செலவு வேண்டாங்க, என் கைக்காசுல போடறேன்." தவணைக் கம்பெனியிடம் தருமம் வாங்குகிற நிலைமைக்கு நான் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். "அப்ப தம்பிக்கு ஒரு நோட்டீஸ் எழுதட்டுங்களா? நோட்டீஸ் எழுதத்தானுங்க எனக்கு வரும்" என்றார். கூடவே கூடாது என்றேன். தாயாரை ஞாபகம் வைத்துக்கொள்ள நோட்டீஸ் வேண்டுமென்றால் அந்தப் பிள்ளை எனக்கு வேண்டாம் என்றேன். மிக்ஸ்சரை வேளைக்கு ஒரு கோடு குடிக்கச் சொல்லி அனுப்பினேன்.

கடன் முடிந்துவிட்டது. ஐஸ் மிஷினைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மீதிக்கு உன் அப்பாவின் காரை மெக்கானிக் கவுஸ் பாஷாவுக்குக் கொடுத்துவிட்டேன். அது நகர்ந்தே வருஷமாகிறது, பின் சீட்டில் குள்ளம்மாளின் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பாஷா கோழியை முட்டையோடு அலுங்காமல் கூடைக்கு மாற்றிவிட்டுத்தான் காரைத் தொட்டான். "டாக்டர் வண்டிங்கம்மா, வெலை பேச மாட்டேன்" என்று நான் நினைத்ததற்கு மேலேயே கொடுத்தான். ஆகவே நீ யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. எனக்கும் பயப்பட வேண்டியதில்லை.

இனி நீ செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன், கவனமாகப் படி. கடன் தீர்ந்துவிட்டதே என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடி வராதே. நன்றி சொல்ல வருகிற பிள்ளையை எனக்குப் பிடிக்காது. லாட்ஜில் எழுதுகிற கணக்கை ஒழுங்காக எழுதி நல்ல பேர் எடு. எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வாரம் தலை ஆடி, ஆடி முதல் தேதிக்கு வழக்கம்போல் தேங்காய் சுட ஆள் இல்லையே என்று நினைக்காதே, குள்ளம்மாள் வீட்டில் சுட்டு ஒரு மூடி கொடுப்பார்கள், எனக்கு அது போதும். முக்கியமாக, இனி உன் அப்பா பேரைச் சொல்லி கால் போடாதே. அந்தச் சுகம் போதும். பரிதாவிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: டாக்டர் வெங்கடாசலத்தைக் கேட்டு இனிமேல் எங்கிருந்து கால் வந்தாலும் என்னைக் கூப்பிடாதே, நீயே இல்லை என்று சொல்லிவிடு என்று. இருக்கிறாயா இல்லையா என்று தெரியாத பிள்ளையைப் பற்றி ஒவ்வொரு செவ்வாயும் டெலிபோன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார எனக்கு நேரமில்லை. சுகமென்றால் ஒரு கார்டில் சுகம் என்று எழுது.

வெந்நீரில் குளி. ராத்திரியில் தயிர் வேண்டாம். நெஞ்சில் ஈளை கட்டினால் உன் அப்பா சொன்ன கஷாயம்தான், வேறு எதையும் தொடாதே. குள்ளம்மாளும் கண்ணம்மாளும் உன்னை விசாரித்தார்கள். நஞ்சப்பன் நமஸ்காரம் சொன்னான். இருக்கிற இடத்தில் நிழலும், போகிற இடத்தில் துணையும் உனக்கு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா,
வெ. ராணியம்மாள்.

பின் குறிப்பு: கவரை ஒட்டப் போகிறபோது டெலிபோன் அடித்தது. மணி பத்து. பரிதா, "டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்னது ஞாபகம் இருக்குதுங்க. ஆனா இது சேலம் இல்லீங்க. ஹோஸ்பேட்" என்றாள். பிறகு ஆபீஸ் குரலுக்கு மாறி, "பி.பி. கால். டாக்டர் வெங்கடாசலம் இருக்காங்களா?" என்றாள்.

"இருக்கிறார்" என்றேன்.

"அம்மா...?" என்றாள்.

"இருக்கிறார் என்றேன். லைனைக் கொடு."

கொடுத்தாள். அந்தப் பக்கம் யாரோ இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்கள். பிறகு, ரொம்பச் சின்னக் குரலில், "அப்பாவா?" என்று கேட்டாய்.

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற எனக்கு அந்த ஒன்றுக்கு வாய் திறக்கவில்லை. திறந்தபோது நீ போனை வைத்துவிட்டாய். பயந்துவிட்டாயா, ராஜா? அது நான்தான். உன் குரலைக் கேட்க வேண்டியிருந்தது, வேறு வழி தெரியவில்லை. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, கேட்டுவிட்டேன். சுபான் நான் சொன்னதைக் கேட்காமல் உனக்கு நோட்டீஸ் எழுதியிருக்கிறார் என்றும் தெரிகிறது, அவரை நான் தனியாக விசாரித்துக்கொள்கிறேன்.

ஆகவே மேலே எழுதியது எதையும் பார்க்காதே. மறுபடி எழுத நேரமில்லை, தபால் எடுத்துவிடுவார்கள். ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் புறப்பட்டு வா. உன் பங்குத் தேங்காயை நான் சுடாமல் எடுத்து வைக்கிறேன். இந்த வயது வரை சொல்லாத ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறேன், அதற்கு எத்தனை ஸ்டாம்பு கிழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. போஸ்ட்மாஸ்டரையும் கேட்க முடியாது. நீ வந்து சொல்.